கோல்கொண்டாவின் ஆனைப்புளி

ஹைதராபாத்தின் கோல்கொண்டாக் கோட்டையைச் சார்ந்த நயா கிலாவில், ஏறத்தாழ 27 மீட்டர் சுற்றளவுள்ள முதுமரமொன்று நிற்கின்றது. உருது பேசுவோர் அதனை ‘ஹாத்தியான் கா ஜாட்’, அதாவது யானை மரம் என்பர். தமிழில் அதற்கு ஆனைப்புளி என்று பெயர். இரு மொழியினரும் அதில் யானையையே கண்டனர்!

இம்மரக் குலத்தின் ஆறு இனங்கள் மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. அங்குள்ள வறண்ட காடுகள் அழிந்துவருவதால் அவற்றுட் சில மிகவும் அருகிவிட்டன. கோல்கொண்டா மரமோ ஆப்பிரிக்க இனம். அராபிய வணிகர் அதனைக் குதுப்ஷாஹி மன்னருக்குக் கொணர்ந்தனர் என்பது செவிவழிச் செய்தி. இந்தியாவுக்கு இவ்வினம் ஆப்பிரிக்காவிலிருந்து பலமுறை வந்ததென 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று.

1687இல் ஔரங்கசீப் கோட்டையைக் கைப்பற்றினார். குதுப்ஷாஹி அரசு மறைந்தது. அடிமரத்தில் நீரைச் சேர்த்து வறட்சியைத் தாங்கும் இம்மரம் இன்றும் தளிர்க்கின்றது. நமக்கு முன்னரே தக்காணத்தில் குடியேறிய அம்மூத்தோரை ஒருமுறை சென்று காண்போமாக.