விருந்து

'விருந்து' என்றதும் நமக்கு வடை பாயசத்தோடு போட்ட இலைதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்குள் முதலில் சோறே கிடையாது. விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் எட்டு வனப்புகளுள் ஒன்றின் பெயரும் விருந்துதான். அங்கே அது புதிய முறையில் பாடும் செய்யுளைக் குறிக்கிறது.

புதுமை என்ற பொருள் புதிதாக வந்தவருக்கு ஆகி, பிறகு அவருக்குப் படைக்கும் உணவுக்கும் ஆனது. திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். அங்கே விருந்து என்பது வீட்டுக்கு வந்த ஆள். ஓம்புதல் என்பது அவரைப் பேணுதல். இன்று ஆளைச் சொல்ல விருந்தாளி, விருந்தினர் என்று நீட்டிச் சொல்கிறோம்.

ஆனாலும் பழைய பொருள் நம் வீடுகளில் உயிரோடுதான் இருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மணமக்களை விருந்துக்கு அழைக்கிறார்களே, அதைப் பாருங்கள். நுனி இடப்பக்கம் வர இலை போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, பரிமாறத் தொடங்குவார்கள். புது மாப்பிள்ளை "போதும் அத்தை" என்று இலைமேல் கையை விரித்து மறைப்பார். அத்தை விரலிடுக்கு வழியாகவே இன்னொரு கரண்டி நெய் விடுவார். குடும்பத்துக்குப் புதிதாக வந்தவருக்கு இடும் அந்தச் சோறுதான், சொல்லின் முழுப் பொருளுக்கும் உரிய விருந்து.

அடுத்த முறை உங்கள் வீட்டில் பந்தி போடும்போது, யாரையும் தெரியாமல் தயங்கி ஓரமாக உட்கார்ந்திருப்பவரின் இலையை முதலில் கவனியுங்கள்.