கல்லில் நூற்ற இழை

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், பொழுது புலரும் வேளையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைக் கண்ணால் தேடாமல் விரல் நுனியாலேயே தடவிக் கண்டு முடி போடுகிற நெசவாளரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இழை என்பது கைக்கு அடங்கிய ஒரு பொருளாகவே தோன்றும். ஆனால் எந்தக் கைக்கும் அகப்படாத ஓர் இழையும் உலகில் நூற்கப்பட்டது. அதை நூற்றவர்களும் நெய்தவர்களும் தங்கள் சுவாசத்தையே அதற்கு விலையாகக் கொடுத்தார்கள். நெசவையே ஜீவனமாகக் கொண்ட ஊர் அவர்களுடைய சரித்திரத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர். கல்லாக இருந்தும் நாராகப் பிரிவது என்ற அதன் இயல்பு முழுவதும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அணையாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயர் வந்தது. நெருப்பில் வேகாத இந்தப் பொருள், நெடுங்காலம் அரண்மனைகளில் காட்டி மகிழும் அதிசயமாகவே இருந்து, நீராவி இயந்திரம் பிறந்த பின்னரே பெருந்தொழிலாயிற்று. கொதிகலன்களுக்குப் போர்வையும் இயந்திரங்களுக்கு அடைப்பும் வேண்டியிருந்தமையால், பருத்தி நெசவுக்குப் பேர்போன இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்திலேயே, பஞ்சைச் சிக்கெடுத்து நூற்ற அதே முறையில் கல்லையும் சிக்கெடுத்து நூற்கத் தொடங்கினார்கள்.

அப்பிரதேசத்து ராச்டேல் நகரில் கல்நார் நூற்றுப் பிழைத்தவர் நெல்லி கெர்ஷா. பால்ய வயதிலேயே ஆலைக்குச் சென்ற அவர், மூச்சு முட்டி, நடக்கவும் சக்தியற்று, வேலையை விட்டு, 1924ஆம் ஆண்டு தமது 33ஆவது வயதில் காலமானார். அவருடைய வியாதி நஷ்டஈட்டுக்குரிய வியாதிகளின் ஜாபிதாவில் இல்லை என்ற காரணத்தால், உயிரோடிருந்தபோது அவருக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லை. காலமான பின் அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் வில்லியம் குக், அதில் கல்நார்த் துகள்கள் தைத்துக் கிடப்பதைக் கண்டு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். நெல்லி அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல்கூட நடப்படவில்லை.

வியாதி வருகிற விதம் இது: பட்டிழையைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய அந்த நார்கள் மூச்சோடு சென்று நுரையீரலின் கடைசி அறைகளில் தங்கிவிடுகின்றன. உடம்பு அவற்றைக் கரைக்கவும் மாட்டாமல் வெளியேற்றவும் மாட்டாமல், சுற்றிலும் தழும்பு கட்டிக்கொண்டே போகிறது. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் நாளடைவில் தோல்போல் இறுகுகிறது. வறட்டு இருமல் தொடங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. பல இடங்களில் இதை க்ஷயரோகம் என்றே எண்ணி வைத்தியம் செய்தார்கள். தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை.

1930இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் இங்கிலாந்து அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில், பரிசோதித்த 363 தொழிலாளர்களில் 95 பேருக்கு இந்த வியாதி இருந்ததைத் தெரிவித்து, தூசியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என்றார்கள். 1931இல் அங்கே சட்டமும் பிறந்தது. ஆக, 1934இல் மத்தியப் பிரதேசத்துக் கைமூரில் கல்நார்ச் சிமெண்டுத் தகடு செய்யும் ஆலை எழுந்தபோது, அந்தத் தூசி கொல்லும் என்ற உண்மை அரசாங்க அறிக்கையிலேயே அச்சிலேறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலும், காஞ்சியிலிருந்து ரயிலேறினால் போய்ச் சேரும் அரக்கோணத்திலும் ஆலைகள் ஏற்பட்டன. ஓலைக் கூரை பற்றி எரியும் என்ற பயத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், நெருப்புக்கு அஞ்சாத அந்த வெள்ளைத் தகட்டைப் பெரும் பாக்கியமாகவே வரவேற்றன. தறி இருக்கும் வீட்டில் நெருப்பென்றால், வீடு மட்டுமல்ல, பல மாத உழைப்பும் பிழைப்பும் அல்லவா சாம்பலாகும்!

1995ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி, கல்நார்த் தொழிலாளர்களுக்காக நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சாசனத்தின் 21ஆவது ஷரத்து காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியதே என்று தீர்ப்பளித்தது. இந்த வியாதி வேலையை விட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் தலைகாட்டும் என்பதால், ஒவ்வொரு தொழிலாளியின் ஆரோக்கியப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது விலகியதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்துவைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அந்தப் பதிவேடு ஆலைக்குள் இருப்பவருக்கு உரியது. தெருவில் நின்று, பழைய கூரையைப் பிரித்து, தகட்டை முழங்காலில் சாய்த்து ரம்பத்தால் அறுத்து, புருவமெல்லாம் மாவு படிந்தவர்போல் வெளுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற கூலியாளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தகட்டை நனைத்தே அறுக்க வேண்டும், அந்தத் துண்டைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அவருக்குச் சொல்பவரும் இல்லை. கோயிலில் ஒரு விளக்கெரியத் தானம் தந்தவரின் பெயரையும் கல்லில் வெட்டிக் காத்த நாடு இது. கல்லை அறுத்து நமக்குக் கூரை தந்தவரின் மூச்சுக்கும் ஒரு கணக்கு எழுத நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.