தொலைபேசியைத் திறக்கச் சொன்னால் சட்டம் என்ன சொல்கிறது?

விசாரணைக்குப் போய்வந்தவர்களோடு பேசும்போது நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: “போனை மேசையில் வையுங்கள், லொக்கை எடுத்துவிடுங்கள்.” காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களிடமும், நினைவேந்தல் ஏற்பாட்டாளர்களிடமும், பேஸ்புக் பதிவு ஒன்றுக்காக அழைக்கப்பட்ட இளைஞர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானோர் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் சந்தேகம் கூடும் என்ற பயம் ஒரு காரணம். மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லையே என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

பயம் நியாயமானது. ஆனால், இரண்டாவது எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. சுயாதீன ஊடகவியலாளராக வேலை செய்யும் எனது தொலைபேசியில் எனது தகவல்களைவிட மற்றவர்களின் தகவல்களே அதிகம். ஒரு தாய் அனுப்பிய மகனின் பழைய படம், பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் குரல் பதிவு, காணிப் பிரச்சினை பற்றி ஒரு கிராமமே பேசும் வட்ஸ்அப் குழு எல்லாம் அதில் இருக்கின்றன. மறைக்க எனக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம். இவர்கள் சார்பில் அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

மூன்று வழிகள்

பொலிஸார் ஒருவருடைய தரவை மூன்று வழிகளில் பெறலாம். முதலாவது, கையில் இருக்கும் தொலைபேசி. திறந்துவிட்டால் செய்திகள், படங்கள், மின்னஞ்சல், போன இடங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் வெளியாகும்.

இரண்டாவது, தொலைத்தொடர்பு நிறுவனம். சிம் அட்டையை அடையாள அட்டை கொடுத்தே வாங்குகிறோம். யார் யாருக்கு எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார், எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தார் என்ற பதிவுகள் நிறுவனத்திடம் இருக்கும். என்ன பேசினார் என்பது அந்தப் பதிவுகளில் இருக்காது.

மூன்றாவது, கூகுள், மெட்டா போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள். வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரியும் விதத்தில் மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தால் அவற்றை வாசிக்க முடியாது. ஆனால், தொலைபேசி திறந்த நிலையில் இன்னொருவர் கைக்குப் போனால் இந்தப் பாதுகாப்பால் பயன் இல்லை.

மூன்றில் அதிகமான தகவலைத் தருவது முதலாவது வழி. நடைமுறையில் நீதிமன்றத்தின் கண் குறைவாகப் படுவதும் அதில்தான்.

சட்டத்தில் இருப்பது

எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. 2015 இல் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரையில், தகவல் அறியும் உரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாக மட்டும் அந்தரங்கம் குறிப்பிடப்படுகிறது. அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் 17ஆம் உறுப்புரையைக் கொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் இணைந்தது.

சாதாரண சட்டங்களில் முக்கியமானது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் கீழ் நடக்கும் விசாரணைகளில், சேவை வழங்குநரிடமிருந்து தகவல் பெறவும் தொடர்பாடலை இடைமறிக்கவும் நீதிவானின் ஆணை தேவை என்கிறது 18ஆம் பிரிவு. விசாரணை அவசரமானது, தகவல் அழிந்துபோகலாம், இரகசியம் பேணப்பட வேண்டும் என்ற நிலைமைகளில் ஆணையின்றியும் செயற்படலாம் என்ற விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது.

பலருக்குத் தெரியாத பாதுகாப்புகளும் இதே சட்டத்தில் உண்டு. போதிய அறிவும் திறனும் உள்ளவர் என்று பொலிஸ் மா அதிபர் எழுத்தில் சான்றுப்படுத்திய அதிகாரியே இச்சட்டத்தின் கீழான விசாரணைக்காகக் கணினியை அணுகலாம். கைப்பற்றிய பொருட்கள், தரவுகளின் முழுப் பட்டியலைத் திகதி, நேரத்துடன் உரியவருக்குக் கொடுக்க வேண்டும். விசாரணையில் தெரியவந்ததை அதிகாரி இரகசியமாகப் பேண வேண்டும். மறுபக்கத்தில், விசாரணைக்கு உதவுமாறு கோரப்பட்டவர் அதற்கு இணங்க வேண்டும் என்ற கடமையையும் சட்டம் விதிக்கிறது. ஆகவே கடவுச்சொல்லைக் கொடுக்க மறுப்பது எப்போதும் பாதுகாப்பானது என்று எவருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கப்படுகிறது என்பதிலேயே பதில் தங்கியிருக்கிறது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்துவிட்டால் நிலைமை வேறு. அதன் 6ஆம் பிரிவின்படி, பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியோ, அவர் எழுத்தில் அதிகாரமளித்த உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியோ, ஆணையின்றிக் கைதுசெய்யலாம், சோதனையிடலாம், ஆவணத்தையோ பொருளையோ கைப்பற்றலாம். இச்சட்டம் எழுதப்பட்டபோது எவர் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை. ஒரு பொருளைக் கைப்பற்றுவதற்கும் ஒரு வாழ்க்கையின் முழுப் பதிவையும் வாசிப்பதற்கும் இடையே வித்தியாசம் இருப்பதாக அது கருதவே இல்லை. 2022 திருத்தம் தடுப்புக்காவலின் உச்சகாலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. தொலைபேசியை அது தொடவில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். தேசிய பாதுகாப்புக்கும் குற்ற விசாரணைக்கும் அதில் விதிவிலக்குக்கு இடமுண்டு. அந்த விதிவிலக்கு சட்டத்தால் விதிக்கப்பட்டதாகவும், அவசியமானதாகவும், அளவுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பது நல்ல விடயம். அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. அது பிற்போடப்பட்டது.

தரவு நீதிக்கும் தேவை

பொலிஸார் தரவைத் தொடவே கூடாது என்பது எனது வாதமல்ல. 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்ட ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவின் வழக்கில் கொலையாளிகளின் தடத்தைக் காட்டியது தொலைபேசிக் கோபுரப் பதிவுகளே. அதே வழக்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது. அந்த சிம் அட்டைகள் நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழரின் பெயரில் பதிவாகியிருந்தன. கைதுசெய்யப்பட்ட அவர் 2011 இல் விளக்கமறியலில் இருந்தபோது உயிரிழந்தார். கொலைக்காக எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. ஒரே வகைத் தரவு உண்மையையும் காட்டியது, ஓர் ஏழையைச் சிறைக்கும் அனுப்பியது. அதை யார், எதற்காக, எவருடைய மேற்பார்வையில் எடுக்கிறார்கள் என்ற கேள்வி அதனால்தான் முக்கியமாகிறது.

இந்தக் கேள்வியை மற்ற நாடுகளின் நீதிமன்றங்களும் எதிர்கொண்டிருக்கின்றன. கைதானவரின் சட்டைப்பையைச் சோதிப்பதுபோல அவரது தொலைபேசியைச் சோதிக்க முடியாது, பொதுவாக அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 இல் ரைலி வழக்கில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 இல் புட்டசுவாமி வழக்கில் கூறினார்கள். இந்திய அரசியலமைப்பிலும் அந்தரங்கம் என்று தனி உறுப்புரை கிடையாது.

அழைப்பு வந்தால்

எந்தச் சட்டத்தின் கீழ், எந்த முறைப்பாடு தொடர்பாக அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் தரும்படியும் கேட்கலாம். முடிந்தவரை சட்டத்தரணி ஒருவருடன் செல்லுங்கள். கட்சிக்காரர் சார்பில் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதை 2012 இல் வெளியான விதிகள் ஏற்கின்றன.

தொலைபேசியை எடுத்தால் பற்றுச்சீட்டு கேளுங்கள். *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ இலக்கத்தை முன்கூட்டியே வீட்டில் எழுதி வைத்தால், எந்தத் தொலைபேசி எடுக்கப்பட்டது என்பதில் பின்னர் தகராறு வராது.

அழைப்பு வந்த பிறகு எதையும் அழிக்க வேண்டாம். அது சாட்சியத்தை மறைத்த குற்றமாகக் கொள்ளப்படலாம். அழித்த படங்கள் உடனே மறைந்துவிடுவதும் இல்லை. பல தொலைபேசிகளில் அவை சுமார் 30 நாட்கள் தனிக் கோப்பில் கிடக்கும். தேவையற்றதைச் சேர்த்து வைக்காமல் இருப்பதை அன்றாடப் பழக்கமாக்குவதே நல்லது. வட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்திகள் வசதியைப் பயன்படுத்தலாம். காப்புப் பிரதிக்குத் தனிக் கடவுச்சொல் போடலாம். விரல் ரேகையைவிட ஆறு இலக்கத்துக்குக் குறையாத கடவுச்சொல் பாதுகாப்பானது, ஏனெனில் விரலைப் பிடித்து அழுத்த வைக்க முடியும்.

தொலைபேசி திரும்பக் கிடைத்ததும் வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைப் பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் துண்டித்துவிட்டு, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். உங்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யவேண்டிய கடமை அது.

உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

இவையெல்லாம் தனிநபர் செய்யக்கூடியவை. கிராமத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு ஐஎம்இஐ இலக்கமும் சட்டப் பிரிவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் கைப்பற்றப்பட்டாலும், தொலைபேசியின் உள்ளடக்கத்தை வாசிக்க நீதிவானின் ஆணை வேண்டும் என்ற ஒரு விதியை நாடாளுமன்றம் எழுதலாம். எந்தக் குற்றத்துக்காக, எந்தக் காலப்பகுதித் தரவு தேவை என்பதை அந்த ஆணை குறிப்பிட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் கொண்டுவரப்பட்டாலும், அந்த விதி அதில் இருக்கிறதா என்பதை நாம் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.