வரட்சி மட்டும் மாட்டைக் கொல்வதில்லை

மட்டக்களப்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை விழுகிறது. இதை உலர் வலயம் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடி, ஆவணியில் புல் காய்ந்து குளங்கள் சேறாகும். படுவான்கரையில் பட்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். வரட்சி எங்களுக்குப் புதிதல்ல.

அப்பா அதைச் சமாளித்தது ஒரே வழியில்தான்: மாட்டை நடத்திக்கொண்டு போவது. பெரும்போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டத்தில் ஒரு திகதி குறிப்பார்கள். அதற்குள் வயற்பகுதியை விட்டு மாடுகள் வெளியேற வேண்டும். பட்டிகள் மேற்கே மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் போகும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து வயலில் மிஞ்சியதை மேயும். சிறுபோகம் செய்யும் இடமென்றால் திரும்பவும் காட்டோரம்தான். புல் எங்கேயோ மாடும் அங்கே. இந்தப் போக்குவரத்துதான் எங்கள் காப்புறுதி. வேறு காப்புறுதி எங்களுக்கு இருந்ததில்லை.

2007 இல் இடம்பெயர்ந்தபோது பட்டியைத் திறந்துவிட்டு வந்தோம். திரும்பிப் போய்த் தேடியதில் ஆறு மாடுகள் கிடைத்தன. அதிலிருந்து மறுபடி பெருக்கினோம்.

இப்போது அடைபடுவது வழியே. மகாவலி வலயத்துக்குள் வரும் அந்த மேய்ச்சல் தரையில் சில வருடங்களாக வெளிமாவட்டத்தவர்கள் பயிர் செய்கிறார்கள். வாய்வெடி கடித்துத் தாடை சிதறிய பசுக்களைப் பண்ணையாளர்கள் கொண்டுவந்து காட்டினார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் இதற்காகத்தான்.

தரை சுருங்கினால் சாதாரண கோடையும் வரட்சியாகிவிடும். இருக்கிற துண்டில் எல்லாப் பட்டியும் நெருங்கும், புல் வேரோடு போகும். முதலில் பால் வற்றும், பிறகு சினை பிடிக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடுவதால் வியாபாரி சொல்வதே விலை. மழை வந்தபின் வாங்கப் போனால் அதே மாடு இரண்டு மடங்கு.

மழையும் உடனே காப்பாற்றாது. இளைத்த மாட்டுக்குக் குளிர் தாங்காது. 2022 டிசம்பர் குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. ஏதோ நோய் என்று ஊரில் பயந்தார்கள். அதிகாரிகள் சொன்ன காரணம் குளிர்.

நெல் அழிந்தால் ஏக்கர்க் கணக்கில் எழுதப் படிவம் இருக்கிறது. மேயப் போகமுடியாமல் பால் வற்றிய பசுவை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அப்பா என்னிடம் கேட்டார். நான் இரண்டு அலுவலகங்களுக்குப் போய்வந்தேன். இரண்டிலும் மாடு செத்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள்.