அடை நிற்காத கோழி

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தளூர், அரசலாபுரம் என்று இரண்டு ஊர்கள். சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன், சண்டையில் செத்த சேவல்களுக்கு அங்கே நடுகல் வைத்திருக்கிறார்கள். எந்தச் சேரியின் சேவல் என்பதையும் பொறித்திருக்கிறார்கள். எங்கள் பக்கமும் குறைச்சலில்லை. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டம்தான். அந்தத் திருச்சியின் உறையூருக்குப் பழைய பெயரே கோழி. யானையை எதிர்த்த சேவலின் கதை எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் வீரக் கதைகளாகவே படித்துப் பழகிவிட்டோம். எனக்கு இது இனத்தேர்வின் வரலாறாகவும் படுகிறது. தோற்ற சேவல் கோச்சைக் கறியாகிக் குழம்புக்குப் போகும். கடைசிவரை நின்றது பெட்டையோடு சேரும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தால் நெஞ்சு அகன்று, கால் தடித்து, சதை இறுகிய பறவை வரும். அசில் என்கிறோமே, அதுதான். நம்ம ஊர்ப் பெருவிடையும் அந்தக் கூட்டம்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசிலை அங்கத்திய சண்டைக்கோழியோடு சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்தது சண்டைக்கு லாயக்கில்லை. ஆனால் நெஞ்சுக்கறி ஏராளம். முதலில் 'இந்தியன் கேம்' என்றார்கள், பிறகு கார்னிஷ். 1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்றொரு போட்டி நடந்தது. சார்லஸ் வான்ட்ரஸ் கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்து கொண்டுவந்த கோழி ஜெயித்தது. இன்றைய பிராய்லரின் வம்சத்தில் கார்னிஷ் அப்படித்தான் நிலைத்தது.

கேள்வி அங்கே மாறிவிட்டது. நிற்குமா ஓடுமா என்பது போய், எத்தனை நாளில் எத்தனை கிலோ என்றாயிற்று. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005ஆம் ஆண்டுகளின் ரகங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றேதான் என்பதால் வித்தியாசம் முழுக்க வம்சத்தில்.

அந்தத் தீவனத்தில் பெரம்பலூருக்கும் பங்குண்டு. இங்கே விளையும் மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் போகிறது. அதுவும் வீரிய ஒட்டு விதை. அறுத்ததில் எடுத்து வைத்து விதைத்தால் அதே விளைச்சல் வராது. பிராய்லர் குஞ்சும் அப்படியே. மூல வம்சங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளிடம் இருக்கின்றன.

என் அப்பாயிக்கும் ஒரு தேர்வுமுறை இருந்தது. இருபத்தோரு நாள் எழுந்திருக்காமல் அடை நிற்கும் கோழி, பருந்து வட்டமிட்டால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுக்கும் கோழி, இவைதான் பஞ்சாரத்தில் தங்கும். "அடை நிக்காததுக்கு வாசல்ல என்ன வேல?" என்று அரிவாள்மனையை எடுத்துவிடும். முட்டைப் பண்ணைக்கான ரகங்களில் நேர் எதிராக நடந்தது. அடை உட்காரும் கோழி அத்தனை நாளும் முட்டையிடாது, நஷ்டம். அதனால் அந்தக் குணத்தையே தேடித் தேடிக் கழித்துவிட்டார்கள். அப்பாயி கறிக்கு அனுப்பியது அங்கே தாய்க்கோழி.

போன மாதம் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கும் ஒரு அண்ணனின் கொட்டகைக்குப் போயிருந்தேன். இதுல நல்லதாப் பாத்து எத விதைக்கு நிறுத்துவீங்கண்ணே என்று கேட்டேன்.

"நிறுத்தறதா? குஞ்சும் அவங்களுது, தீனியும் அவங்களுது. நாப்பதாம் நாளு லாரி வந்துரும் தம்பி."