கோத்திக்: வசையாக வந்த பெயர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், நெசவாலைகளால் வளர்ந்த ஊர் ஹாலிஃபாக்ஸ். அங்கே 1988இல் உருவான ‘பாரடைஸ் லாஸ்ட்’ இசைக்குழு, 1991இல் வெளியிட்ட தன் இரண்டாவது ஆல்பத்துக்கு ‘கோத்திக்’ என்று பெயர் வைத்தது. கோத்திக் மெட்டல் என்ற இசைவகை அந்தப் பெயரில் நிலைபெற்றதில் இந்த ஆல்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தப் பெயருக்கு மூலமான கோத்துகள் ஜெர்மானிய இனத்தவர். அவர்களில் ஒரு பிரிவினர் அலாரிக் தலைமையில் கி.பி. 410இல் ரோம் நகரைச் சூறையாடினார்கள். உலகம் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. அதற்கு முன்பே உல்ஃபிலா என்ற ஆயர் அவர்களுடைய மொழிக்கு எழுத்து அமைத்து விவிலியத்தை மொழிபெயர்த்திருந்தார். அதன் ஆறாம் நூற்றாண்டுப் படி ஒன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. ஊதாச் சாயமேற்றிய தோல் ஏடுகள், வெள்ளி மையிலும் பொன் மையிலும் எழுத்துகள். இதைச் செய்தவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வந்தது. கூர்வளைவுத் தேவாலயங்களை வெறுத்த ஓவியர் வசாரி, 1550இல் வெளியிட்ட நூலில் அந்தப் பாணியைக் கோத்துகளின் தலையில் கட்டினார். பாரிஸை ஒட்டிய சாந்தெனியில் 1140களில் உருப்பெற்ற பாணி அது. கோத்துகளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

1765இல் ஹோரஸ் வால்போல் தன் ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலின் இரண்டாம் பதிப்பைக் கோத்திக் கதை என்று அழைத்தார். இருட்டும் ஆவியும் சொல்லுக்குள் குடியேறின. 1970களின் இறுதியில் எழுந்த இருண்ட ராக் இசைக்கும் அதே முத்திரை விழுந்தது. ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்திலுள்ள லீட்ஸின் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி’ பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச் அதை மறுத்துக்கொண்டே இருந்தார், பெயர் விடவில்லை.

பாரடைஸ் லாஸ்ட் அந்தப் பெயரைத் தானே விரும்பி அட்டையில் எழுதிக்கொண்டது. தலைப்புப் பாடலில் நிக் ஹோம்ஸின் உறுமலுக்கு மேலே கிரெகர் மெக்கின்டாஷின் கிட்டார் நீண்டு புலம்புகிறது. நடுவே ஒரு பெண்குரல் எழுகிறது. ஆல்பத்தின் மற்ற பாடல்களின் தலைப்புகளே மனநிலையைச் சொல்லிவிடும்: ‘ஷாட்டர்ட்’, ‘சைலண்ட்’, ‘டெசலேட்’. வால்போலின் கோட்டைக்குள் இருந்த இருட்டை இவர்கள் மனசுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று ஓர் இசையைக் கோத்திக் என்கிறபோது பேயைவிடத் துயரமே முதலில் நினைவுக்கு வருகிறதென்றால், அந்தப் பொருளை உறுதியாக்கியதில் இந்த ஆல்பத்துக்குப் பங்கு உண்டு என்பேன்.