ஈஜிபுராவில் வீட்டு பியர்: ஒரு தடையின் வரலாறு

தமிழர் கணிசமாக வாழும் பெங்களூரின் ஈஜிபுராவில், ஒரு வீட்டு அடுக்களையில் ஆங்கிலேய ‘பிட்டர்’ வகை ஏலை ஆக்குவதற்குத் தேவையானவை நான்கே: வாற்கோதுமை மால்ட், ஹாப் பூ, ஈஸ்ட், நீர். ஏறத்தாழ 66 பாகை செல்சியஸ் வெந்நீரில் மால்ட்டை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்புடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் ஒரு வாரத்தில் முதன்மை நொதித்தல் முடிந்துவிடும். மதுச்செறிவு ஏறத்தாழ 4 விழுக்காடு. ஏல் ஈஸ்ட்டுக்கு உகந்த 18 முதல் 22 பாகை வெப்பமும் இந்நகரின் குளிர்மாதங்களில் இயல்பாகவே கிட்டுகிறது. செய்முறை எளிது, சட்டம் அதற்கு இடந்தருவதில்லை.

இந்தப் பானத்தை இந்நகருக்குக் கொண்டுவந்தது 1809இல் நிறுவப்பட்ட கண்டோன்மென்ட். படைவீரர்களின் தேவையை நம்பித் தென்னிந்தியாவில் பியர் ஆலைகள் தோன்றின. நீலகிரியின் காசில் புரூவரி 1857ஐச் சேர்ந்தது. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளை இணைத்து 1915இல் யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார். ஈஜிபுராவுக்குச் சில கிலோமீட்டர் வடமேற்கே, அந்நிறுவனத்தின் பழைய ஆலை இருந்த இடத்தில் இன்று யூ.பி. சிட்டி நிற்கிறது.

இங்கிலாந்திலோ பியர் நெடுங்காலம் வீட்டுப் பொருளாகவே இருந்தது. குடும்பத்துக்கான ஏலைப் பெரும்பாலும் பெண்களே ஆக்கினர். 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி பியர்மீது தீர்வை விதித்தபோது, சொந்தத் தேவைக்கு ஆக்குவோரும் உரிம வளையத்துக்குள் வந்தனர். 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். இரண்டே ஆண்டுகளில் இங்கே மைசூர் கலால் சட்டம், 1965 உருவானது. இன்று கர்நாடகக் கலால் சட்டம் எனப்படும் அதன்படி, உரிமமின்றி மது ஆக்குவது குற்றம். ஆங்கிலேயர் தம் வீட்டு வழக்கத்தை மீட்டுக்கொண்ட காலத்தில், அவர்கள் விட்டுச்சென்ற ஆப்காரி முறை இங்கே புதுச் சட்டமாக நீடித்தது.

வீட்டில் மது ஆக்குவது தமிழர்க்கும் புதிதன்று. நெல்லால் வீட்டில் சமைத்த ‘தோப்பி’ என்னும் கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. அதே நூலில் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கூழை ஆற்றி, நெல்முளை கலந்து, சாடியில் விளையவைக்கும் முறையும் வருகிறது. முளைத்த தானியம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். மால்ட்டின் அடிப்படையும் அதுவே. பிற்காலத்தில் ஆப்காரி வருவாய் அரசின் பெரும் வரவானபோது, இத்தகைய வீட்டுப் பானைகள் யாவும் ‘கள்ளத்தனம்’ என்னும் ஒரே பெயருக்குள் அடங்கின.

இன்று ஈஜிபுராவை அடுத்த கோரமங்களாவிலும் இந்திராநகரிலும் உரிமம் பெற்ற சிற்றாலைகள் ஏலை விற்கின்றன. அதே நான்கு பொருள்களைக் கொண்டு, விற்பனை நோக்கமின்றி, தன் குடும்பத்துக்காக ஆக்குபவருக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை. உடல்நலக் காப்பே இத்தடையின் நோக்கமெனில் இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் கிடைப்பதில்லை. வருவாயின் வரலாற்றிலேயே அது கிடைக்கிறது.